வெளிச்சம் பார்க்கப் போன இடங்கள்

ஆல்பத்தின் நடுமடிப்பில் யாருடைய மூக்காவது விழுகிறதா என்று பார்ப்பது மகளுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. கல்யாண ஆல்பத்தில் ஒரே படம் இரண்டு பக்கத்துக்கும் பரந்து நிற்கும். பக்கங்கள் சேரும் இடத்தில் ஒரு கோடு விழும். அந்தக் கோட்டில் பெண்ணின் மாமனார் முகம் மாட்டிக்கொண்டால் ஆல்பம் போன வேகத்தில் திரும்பி வந்துவிடும். கல்யாண மாதங்களில் இதையெல்லாம் உட்கார்ந்து பார்க்க, படம் எடுக்கும் அப்பாவுக்கு நேரம் கிடையாது. பதின்மூன்று வயது மகளுக்குக் கண்ணும் கூர்மை, குற்றம் கண்டுபிடிப்பதில் பிரியமும் அதிகம். வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பதினெட்டாம் பக்கத்தில் வக்கீலின் கை நின்றது. பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரு மரத்தில் சாய்ந்து நிற்கிறார்கள். மூக்குகள் கோட்டுக்கு வெளியே பத்திரமாக இருக்கின்றன. மரத்தில்தான் விஷயம். கிளை வெட்டிய இடத்தில் மூடிய கண் மாதிரி ஒரு வடு.

"அம்மா, இது நான் உக்காந்த மரம்" என்றாள்.

துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா, மரம் என்றால் யாரும் சாயத்தான் செய்வார்கள் என்று பதில் சொன்னாள். ஆனால் இருபத்திரண்டாம் பக்கத்தில் ஆற்றுப் பாலம் வந்தது. முப்பதில் ஏரிக்கரைப் படிக்கட்டு. மூன்றுமே அவர்கள் குடும்பமாகப் போன இடங்கள். சந்தேகத்தைச் சாட்சியோடு நிரூபிக்க வேண்டும் என்று வக்கீல் அப்பாவின் கணினியில் தங்கள் பழைய படங்களைத் தேடினாள். 'வீடு' என்ற தொகுப்பில் பிறந்தநாள் படங்களும், ஒழுகிய கூரையைப் பழுதுபார்க்க வருகிறவருக்குக் காட்டுவதற்காக எடுத்த படங்களும்தான் இருந்தன. குடும்பம் வெளியே போன படங்கள் எல்லாம் 'வேலை' என்ற தொகுப்புக்குள் இருந்தன. அதற்குள்ளே இன்னொன்று. அதன் பெயர் 'லைட் டெஸ்ட்'.

லைட் டெஸ்ட், ஏரி, மாலை நாலு நாற்பது. லைட் டெஸ்ட், பாலம், காலை ஏழே கால். இப்படிப் பதினொன்று. ஒவ்வொன்றிலும் அம்மாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில், ஒருவரை நோக்கி ஒருவர் கொஞ்சம் திரும்பி, சமர்த்தாக நிற்கிறார்கள்.

"நீ மாப்பிள்ளை, நான் பொண்ணு" என்றாள் மகள். "பாரு, எல்லாத்துலயும் நீதான் வலது பக்கம்."

அம்மா துணியை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவள் ஒரு மருத்துவமனையில் நோயாளிகளுக்கு அட்டை எழுதிக் கொடுக்கும் இடத்தில் பதினாலு வருடமாக வேலை பார்க்கிறாள். ஒரே ஆளுக்கு இரண்டு அட்டை இருப்பதைக் கண்டுபிடித்தால் அவளுக்குக் கோபம் வராது, முகத்தில் ஒரு களை வரும். அந்தக் களை இப்போது வந்தது. பதினொன்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து, தேதி பார்த்து, அந்தந்த இடத்தில் பிறகு எந்த ஜோடி நின்றது என்று மகளை ஆல்பப் படங்களில் தேடச் சொன்னாள். பதினொன்றுக்கும் கிடைத்தது.

இவ்வளவுக்கும் அந்த மனிதர் குடும்பத்தைக் கவனிக்காதவர் என்று யாரும் சொல்ல முடியாது. அவருடைய பெருமையே அதுதான்.

தொழிலுக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. அடையாள அட்டைக்குப் படம் எடுக்கும் சின்னக் கடையில் "தாடையைக் கொஞ்சம் இறக்குங்க" என்று சொல்லிச் சொல்லி ஆரம்பித்தவர். இன்றைக்கு அந்த வட்டாரத்தில் அவரைத் தெரியாத மண்டபம் இல்லை. தொழில் கூட்டாளிகள் அவரை உள்ளங்கை என்று கூப்பிடுவார்கள். எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் கையை நீட்டி உள்ளங்கையில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்ப்பார். பிச்சை கேட்கிற மாதிரி இருக்கிறது என்று மனைவி எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள்.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் அவர் தேடுவது பெண்ணையும் அல்ல, மாப்பிள்ளையையும் அல்ல. சொந்தக்காரர்கள் எல்லாரையும் தெரிந்த, ஆனால் தான் படத்தில் விழ வேண்டும் என்ற ஆசை இல்லாத ஒரு சித்தப்பாவைத்தான் தேடுவார். எல்லாக் குடும்பத்திலும் அப்படி ஒருவர் இருப்பார். அவரைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு ஓரகத்திகளை ஒரே படத்தில் நிறுத்தும் வித்தையும் அவருக்குத் தெரியும். நடுவில் ஒரு குழந்தையைக் கொடுத்து, இருவரையும் குழந்தையைப் பார்க்கச் சொல்வார்.

கல்யாண மாதங்களில் வீட்டோடு அவருடைய உறவு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய சீட்டுகள் வழியாகத்தான். பால் தீர்ந்துவிட்டது. பள்ளிக்கூடப் படிவத்தில் கையெழுத்து வேண்டும். குழாய் ரிப்பேர்காரர் மறுபடியும் வரவில்லை. பத்து மணி நேரம் நின்றால் கால் வீங்கும் என்பதால் பையில் அரை அளவு பெரிய இன்னொரு ஜோடி காலணி இருக்கும். கேமரா தொங்கித் தொங்கி வலது தோள் ஒரு விரல் தாழ்ந்துவிட்டது. தையற்காரர் கேட்காமலே அதற்குத் தகுந்த மாதிரி சட்டை தைப்பார்.

ஆனால் கடைசிக் கல்யாணம் முடிந்து பத்து நாளுக்குள் குடும்பத்தோடு எங்கேயாவது வெளியே போவார்கள். ஒரு வருடம்கூடத் தவறியதில்லை. கூட்டாளிகளிடம் இதை அவர் கொஞ்சம் உரக்கவே சொல்வார். அவர்களில் ஒருவர், "நான் வீட்டுக்குப் போறதே சுற்றுலா மாதிரிதான் இருக்கு" என்று சொல்லிச் சிரிப்பார். இவர் சிரிக்கமாட்டார். தான் அந்த ரகம் இல்லை என்று நினைத்துக்கொள்வார்.

அன்றைக்குக் காலைக் கல்யாணத்தை முடித்துவிட்டு மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தபோது சாப்பாடு தயாராக இருந்தது, விசாரணையும் தயாராக இருந்தது. அவர் கை கழுவிவிட்டு வருவதற்குள் கணினித் திரையில் ஏரி.

முதலில் அவருக்கு விஷயமே புரியவில்லை. படம் நன்றாகத்தானே இருக்கிறது என்றார். மகள் தொகுப்பின் பெயரைச் சுட்டிக் காட்டினாள். அது வெறும் பெயர், எங்கே போட்டால் சுலபமாகக் கிடைக்குமோ அங்கே போட்டேன் என்றார். அம்மா சோற்றைப் பரிமாறிக்கொண்டே, நாம் போன இடங்களில் நீங்கள் பிறகு எந்த ஜோடியையும் கூட்டிப் போகாத இடம் ஒன்று சொல்லுங்கள், போதும் என்றாள்.

அவர் யோசித்தார். ஒரு கவளம், இரண்டு கவளம்.

"உங்க அக்கா வீடு" என்றார்.

"அந்த மாடிப்படி?" என்றாள் மனைவி.

வளைந்து ஏறும் அந்தப் படியில் போன வருடம் ஒரு பல் டாக்டரையும் அவருடைய வருங்கால மனைவியையும் நிறுத்தி எடுத்திருந்தார். அக்காளே காப்பி போட்டுக் கொடுத்திருந்தாள்.

"எங்களுக்காகப் போனீங்களா, வெளிச்சத்துக்காகப் போனீங்களா?" என்று கேட்டாள் மகள்.

"ரெண்டுக்கும்தான்டா."

"எது முதல்ல?"

நீங்கள்தான் முதலில் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கே நிஜமாகத் தெரியவில்லை. ஏரிக்குப் போகலாம் என்று தோன்றிய நிமிடத்தில் மனசில் முதலில் வந்தது தண்ணீரா, குழந்தையா? திரும்பிப் போய்ப் பார்க்க முடியாத இடம் அது. அவர் அடுத்த கவளத்தை எடுத்தது மகளுக்குப் போதுமான பதிலாக இருந்தது.

"இந்தத் தடவை நான் வரல" என்றாள். "வேற யாரையாவது நிக்க வையுங்க."

அவள் அழவில்லை, கதவைச் சாத்தவில்லை. மீதி ஆல்பத்தை எடுத்துக்கொண்டு மூக்கு பார்க்கப் போய்விட்டாள். அதுதான் அவருக்கு உறைத்தது. கோபமாக இருந்தால் சமாதானப்படுத்தலாம். இது முடிவு.

அதற்குப் பிறகு பாக்கி இருந்த ஆறு கல்யாணங்களிலும் அவர் வேலையில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அப்பாவும் மகளும் சேர்ந்து நிற்கும் படம் எடுக்கும்போதெல்லாம் இந்த அப்பாக்கள் பெண்களை எங்கெங்கே கூட்டிப் போயிருப்பார்கள் என்று யோசிக்க ஆரம்பித்தார். ஒரு மாப்பிள்ளையின் அப்பா லாரி ஓட்டுகிறவர். அவரிடமே கேட்டுவிட்டார். பிள்ளைகளை லாரியிலேயே சரக்கோடு ஏற்றிக்கொண்டு போவேன் என்றார் அவர். வேலையா சுற்றுலாவா என்று பிள்ளைகள் கேட்டதில்லையா? ஏன் கேட்கப் போகிறார்கள், லாரியில் முன்னால் உட்காரக் கிடைத்ததே என்றார். இந்தப் பதிலை வீட்டில் சொல்லிப் பார்த்தார். வக்கீல் ஒரு நொடியில் உடைத்தாள். "அந்தப் பிள்ளைகளுக்கு லாரின்னு தெரியும்ல?"

தெரியாமல் இருந்ததுதான் குற்றம் என்று அவருக்கு அப்போதுதான் பிடிபட்டது.

மனைவிதான் நடுவில் புகுந்தாள். இடத்தை நீ சொல், அவர் கேமரா எடுக்கக் கூடாது, எந்த இடம் என்று முன்கூட்டித் தெரியவும் கூடாது என்று மகளிடம் பேசி முடித்தாள். மகள் இரண்டு நாள் எடுத்துக்கொண்டாள். பிறகு ஒரு நிபந்தனை சேர்த்தாள். அந்த இடத்துக்குப் பிறகு ஒரே ஒரு ஜோடி போனாலும் இனிமேல் தன்னை எங்கேயும் கூப்பிடக் கூடாது. அவர் தலையாட்டினார். கையெழுத்து வாங்காததுதான் பாக்கி.

கடைசிக் கல்யாணம் முடிந்த எட்டாம் நாள், பதினொரு மணிக்கு, சாப்பாட்டுப் பையோடு மூன்று பேரும் பதினேழாம் எண் பேருந்தில் ஏறினார்கள். எங்கே என்று அவர் கேட்கவில்லை. பாதி வழியில் மகளே சொன்னாள். இந்தப் பேருந்து தினமும் அவள் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போகிறது. நெற்றியில் ஓர் ஊர்ப் பெயர். அதை ஆறு வருடமாகப் படிக்கிறாள். அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. எல்லாரும் நடுவிலேயே இறங்கிவிடுகிறார்கள்.

நல்ல வக்கீல் தப்பிக்க வழி வைக்கமாட்டாள். அழகான இடமாக இருக்க வாய்ப்பில்லாத ஊரையும், படம் எடுக்கவே லாயக்கில்லை என்று அவரே நூறு முறை சொல்லியிருக்கும் உச்சி வெயிலையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்திருந்தாள்.

கடைசி நிறுத்தத்தில் இறங்க இவர்கள் மூன்று பேர் மட்டுமே இருந்தார்கள். ஓட்டுநர் இருக்கையிலிருந்து திரும்பி, "யார் வீட்டுக்குங்க?" என்று கேட்டார்.

"யார் வீட்டுக்கும் இல்ல. பாக்க வந்தோம்" என்றாள் மனைவி.

"என்னத்த?"

"இதைத்தான்."

ஓட்டுநர் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். பேருந்து திரும்புவதற்கு ஒரு வட்டம். ஒரு தகரக் கொட்டகை. ஒரு தண்ணீர்க் குழாய். தினமும் எட்டு முறை வருகிற இடத்தில் தான் எதையோ கவனிக்காமல் விட்டுவிட்டோமோ என்ற சந்தேகத்தோடு அவரும் இறங்கினார்.

கொட்டகைக்குள் பேருந்துகளின் நேரம் குறிக்கும் ஓர் அம்மாள் இருந்தாள். அவளுக்குப் பின்னால் அலமாரி நிறையப் பேருந்தில் விட்டுப்போன சாமான்கள். மகள் அங்கேயே நின்றுவிட்டாள். பதினாலு குடைகள், ஒரு மூக்குக்கண்ணாடி, மூடி இல்லாத சாப்பாட்டு டப்பா, ஒற்றைக் கையுறை. நடுவில் ஓர் ஊன்றுகோல்.

"இது இல்லாம அவர் எப்படி இறங்கிப் போனார்?" என்று கேட்டாள்.

"ஏறும்போது வலிச்சிருக்கும் கண்ணு, இறங்கும்போது மறந்திருக்கும்" என்றாள் அந்த அம்மாள். "நானும் ரெண்டு வருஷமா யோசிக்கிறேன். யாரும் கேட்டு வரதில்ல. கடைசி வரைக்கும் யார் வர்றா?"

உட்கார்ந்து சாப்பிட நிழல் உண்டா என்று மனைவி கேட்டாள். பின்னால் குழாய்கள் இருக்கின்றன, காற்று வரும் என்றாள் அந்த அம்மாள்.

கொட்டகைக்குப் பின்னால் ஒரு வெட்டவெளி. சாக்கடை போடுவதற்காகக் கொண்டுவந்து, போடாமலே விட்ட பெரிய சிமெண்டுக் குழாய்கள். ஓர் ஆள் குனியாமல் நடக்கலாம், அவ்வளவு பெரிசு. தரையெல்லாம் வெள்ளைச் சிமெண்டுத் தூள். உச்சி வெயில் அந்த வெள்ளையில் விழுந்து எழும்பிக் குழாய்க்குள் போய், உள்ளே சுற்றிச் சுற்றி, எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாத ஒரு வெளிச்சமாக நின்றது. மகள் உள்ளே ஓடினாள். திரும்பினாள். அவள் முகத்தில் ஒரு பொட்டு நிழல் இல்லை.

இருபது வருடத்தில் அவர் இப்படி ஓர் இடம் பார்த்ததில்லை.

"கையைப் பாக்கெட்டுல போடுங்க" என்றாள் மனைவி, மெதுவாக. கை தானாக நீண்டிருந்தது. போட்டுக்கொண்டார்.

குழாய்க்குள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மகள் ஒரு வார்த்தை சொன்னால் குழாய் அதை மூன்று முறை சொன்னது. அவர் பாதி சாப்பாட்டில் இருக்கும்போது கைபேசி அடித்தது. அடுத்த மாதம் கல்யாணம் வைத்திருக்கும் ஒரு பெண்ணின் அண்ணன். ஏரி வேண்டாமாம், பாலம் வேண்டாமாம், எல்லாரும் எடுத்தாயிற்று. இதுவரை ஒருத்தரும் எடுக்காத இடம் வேண்டுமாம். எதிர்முனைப் பேச்சைக் குழாய் கேட்டு அத்தனையையும் திருப்பிச் சொன்னது. ஒளிக்க வழியே இல்லை.

சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், பிறகு பேசுகிறேன் என்று வைத்தார்.

"சொல்ல வேண்டியதுதானே" என்றாள் மகள்.

"கூட்டிட்டு வர மாட்டேன். சொன்னா சொன்னதுதான்."

"ஆனா பாத்துட்டீங்க."

பார்த்துவிட்டேன், பார்க்காமல் இருக்க எனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டார். அதற்காக உங்களைப் பார்க்கவில்லை என்று ஆகிவிடுமா? எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது என்று, சொந்தக்காரர்கள் கூடும்போதெல்லாம் சொல்லும் கதையை எடுத்தார். பாலத்துக்குப் போன அன்று மகளின் ஒரு செருப்பு ஆற்றில் விழுந்தது. இவர் கேமராவை வைத்துவிட்டுக் கரையோடு ஓடினார். வளைவு தாண்டியதும் ஒரு கட்டையில் செருப்பு சிக்கியது. முழங்கால் தண்ணீரில் இறங்கி எடுத்து வந்தார். அவள் சிரித்த சிரிப்பில் பாலமே ஆடியது.

அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்க இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் இல்லாத வயசுன்னு நினைச்சுப்பேன்" என்றாள் மகள். "ஆனா அந்தப் படத்துல எனக்கு ஏழு வயசு. அங்க இருந்த ஆட்டுக்குட்டிகூட ஞாபகம் இருக்கு."

"நான் வராத இன்னொரு நாளா இருக்கும்னு நான் விட்டுட்டேன்" என்றாள் மனைவி.

"என்ன கலர் செருப்பு?" என்று கேட்டாள் மகள்.

"வெள்ளை" என்றார் உடனே. "பின்னாடி இவ்வளவு உயரமா..." விரலால் காட்டிய உயரத்தைத் தானே பார்த்தார்.

"ஏழு வயசுல நான் குதிகால் செருப்பு போட்டேனா?"

அவருக்கு இப்போது அந்தக் கால்கள் தெரிந்தன, கணுக்காலில் நனைந்த நீளப் பாவாடை, கரையில் நின்று கைதட்டிய மாப்பிள்ளை. யாருடைய கல்யாணம் என்பதுகூட நினைவுக்கு வந்தது. அந்தச் சிரிப்பை எடுத்துத் தன் பெண்ணுக்கு எப்போது மாட்டினார் என்பதுதான் தெரியவில்லை. பயமாக இருந்தது. அதைவிட அதிகமாக, அது எப்படி நடந்திருக்கும் என்று ஆச்சரியமாக இருந்தது. இன்னும் எத்தனை இப்படி?

மகள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் இலேசாக முன்னால் சாய்ந்து, அவர் முகத்தை ஒரு புதுச் சாமானைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கு அவளே எதிர்பார்க்காத திசைக்குப் போய்விட்டது.

"அப்ப அன்னிக்கு நீ என்ன பண்ணினே?" என்று கேட்டார்.

"எப்ப?"

"பாலத்துல. நிஜமாவே தெரியல. சொல்லு."

அவள் சொன்னாள். ஆட்டுக்குட்டி அவள் கைக்குட்டையைத் தின்றுவிட்டது. அதை அம்மாவிடம் சொல்லாமல் ஆற்றில் போய்விட்டது என்று பொய் சொன்னாள். மனைவி சாப்பாட்டை நிறுத்திவிட்டு, இது எனக்கே இப்போதுதான் தெரியும் என்றாள். ஏரியில் என்ன நடந்தது என்று கேட்டார். படிக்கட்டில் நிற்க வைத்த அரை மணி நேரமும் அம்மாவும் மகளும் உதடு அசையாமல் பேசும் போட்டி வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் "சிரிங்க" என்று சொல்லும்போதெல்லாம் இருவரும் அவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினீர்கள் என்று கேட்டார். அது எங்கள் இரண்டு பேருக்குள் என்றாள் மனைவி. மரத்தடியில்? மரத்தில் ஏறியது வடுவுக்குள் விரலை விட்டுப் பார்க்க. உள்ளே ஈரமாக இருந்தது. அவர் இடையிடையே சின்னச் சின்னக் கேள்வி கேட்டார். எந்தக் கை? கைக்குட்டையில் என்ன படம் போட்டிருந்தது? போன இடங்களுக்கெல்லாம் போகாத ஆள் கேட்கிற மாதிரி கேட்டார். அவளும், அங்கே வராத ஆளுக்குச் சொல்கிற மாதிரி விளக்கமாகச் சொன்னாள். ஒன்றரை மணிப் பேருந்தை விட்டுவிட்டார்கள். இரண்டரை மணிப் பேருந்தையும் விட்டார்கள். வெயில் சாய்ந்து குழாய்க்குள் வெளிச்சம் மங்கியது எப்போது என்று அவருக்குத் தெரியாது.

கொட்டகையில் பேருந்துக்குக் காத்திருக்கும்போது அந்த அண்ணனை அவரே கூப்பிட்டார். ஏரிக்கே போகலாம், எல்லாரும் எடுத்த இடம்தான், வேறு நேரத்தில் வேறு மாதிரி எடுத்துத் தருகிறேன் என்றார். எதிர்முனையில் உற்சாகம் இல்லை. யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். அந்த வேலை போனாலும் போகும். மகள் குடைகளை மறுபடி எண்ணிக்கொண்டிருந்தாள். கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

திரும்பும்போது பேருந்து பாதி நிரம்பியது. முன் இருக்கையில் அம்மாவும் மகளும். இவர் பின்னால். அடுத்த முறை ஒன்பதாம் எண்ணா, இருபத்து மூன்றாம் எண்ணா என்று அவர்களுக்குள் வாக்குவாதம் நடந்தது. ஒன்பது சுற்றிக்கொண்டு கிளம்பிய இடத்துக்கே வந்துவிடும், அது கணக்கில் சேராது என்றாள் அம்மா. வந்துவிடுகிறதா என்று நீ போய்ப் பார்த்தாயா என்றாள் மகள். வழக்கம்போல ஒத்துப்போகவில்லை. மகள் இருக்கையில் முட்டிபோட்டுப் பின்னால் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்கப்பா. ஒன்பதா, இருபத்து மூணா?"

அவர் இருபத்து மூன்று எங்கே போகும் என்று கேட்டார்.

"தெரிஞ்சா எதுக்குப் போகணும்?" என்றாள்.